பக்கத்து இருக்கைக்காரர்கள்: நீலகிரிப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: சென்னை சென்ட்ரல், இரவு

மலை ரயிலில் ஊட்டிக்குப் போக வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடை விடுமுறைகளையெல்லாம் விடைத்தாள் கட்டுகளே தின்றுவிட்டன என்று அடிக்கடி அலுத்துக்கொள்வார். மேட்டுப்பாளையம் வரை நீலகிரி எக்ஸ்பிரஸ், அங்கிருந்து மலை ரயில், ஊட்டி, மசினகுடி, பிறகு பேருந்தில் கோவைக்கு இறங்குவது என்று திட்டம். மலையையும் மரங்களையும் பற்றி நாள்தோறும் எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வண்டி அரக்கோணத்தைத் தாண்டுவதற்கு முன்பே எழுத வேண்டியது வேறொன்று என்று தெரிந்துவிட்டது.

எங்கள் பெட்டியில் எதிர் வரிசையில் நான்கு இளைஞர்கள். ஒருவர் கையில் கைபேசி. அதில் பத்து நொடிக்கு ஒரு முறை மாறும் காணொளிகள், முழு ஒலியில். ஒரு பாட்டின் பாதி, ஒரு நகைச்சுவைக் காட்சியின் கடைசி வரி, யாரோ சமையல் குறிப்பு சொல்லத் தொடங்கும் குரல், மீண்டும் பாட்டு. முழுப் பாட்டாக இருந்தால்கூட மனம் ஒரு வழியாக அதற்குப் பழகிவிடும். இது பழக விடாத சத்தம். சைடு லோயரில் இருந்தவரோ வீட்டுக்குக் காணொளி அழைப்பு போட்டு, இரவு உணவுக்கு என்ன பொரியல் என்பதில் தொடங்கி, தண்ணீர் லாரி வந்ததா என்பது வரை ஒலிபெருக்கியில் விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மையார் சொன்ன பதில்கள் எங்கள் பெட்டிக்கே மனப்பாடமாகிவிட்டன.

மணி பத்தேகாலைத் தாண்டியது. நடு பெர்த்தை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை விரித்துக்கொள்ளலாம் என்று 2017ஆம் ஆண்டு ரயில்வே தெளிவுபடுத்தியிருக்கிறது. 10 மணிக்குமேல் உரக்கப் பேசுவதும், ஹெட்போன் இல்லாமல் பாட்டுக் கேட்பதும் கூடாது என்று 2022இல் அறிவித்திருக்கிறது. விதி இருக்கிறது. அதை நினைவுபடுத்த வேண்டியவர் மட்டும் எப்போதும் தூக்கம் கெட்டவராகவே இருக்க வேண்டியிருக்கிறது.

அக்கா எழுந்து உட்கார்ந்தார். “தம்பி, அதைக் கேட்கணும்னு நாங்க யாருமே கேட்கலையே?” என்றார். குரலில் கோபமே இல்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பின்வரிசையைப் பார்த்துப் பேசும் குரல் அது. அந்த இளைஞர் உடனே ஒலியை நிறுத்தி, “சாரி மேடம்” என்றார். அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் மேல் பெர்த்திலிருந்து, அதுவரை அந்தச் சத்தத்தால் புரண்டுகொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை நீட்டி, “விடுங்கம்மா, சின்னப் பசங்க, சந்தோஷமாப் போறாங்க” என்று அக்காவுக்குப் புத்தி சொன்னார். சத்தம் போட்டபோது வராத அவருடைய குரல், சத்தம் நின்ற பிறகு வந்ததை நான் குறித்துக்கொண்டேன்.

சேலத்தில் ஏறியவர்கள் எல்லா விளக்குகளையும் போட்டு, பெட்டிகளை இருக்கைக்கடியில் தள்ளி, எங்கள் செருப்புகளை எங்கோ அனுப்பிவிட்டுப் படுத்தார்கள். விளக்கை அணைக்கும் வேலை எங்களுக்கு விடப்பட்டது. கோவையில் இறங்க வேண்டியவர்களின் கைபேசி எழுப்புமணிகள் அதிகாலை நாலு மணிக்கே தொடங்கிவிட்டன. வைத்தவர் ஒருவர் மட்டும் எழவில்லை. மற்ற அனைவரும் எழுந்துவிட்டோம்.

இரண்டாம் நாள்: மேட்டுப்பாளையம் – குன்னூர் – ஊட்டி

மலை ரயில் காலை 7.10க்குப் புறப்பட்டது. குன்னூர் வரை 1899இலும், ஊட்டி வரை 1908இலும் போட்ட பாதை. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஏறக்குறைய பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி உயரம். நீராவி என்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால், முன்னால் போகும் பெட்டிகளின் வாசலில் பச்சை, சிவப்புக் கொடிகளோடு பிரேக்ஸ்மேன்கள் நின்று வழியைப் பார்த்துச் சைகை காட்டிக்கொண்டே வருகிறார்கள். இவ்வளவு மெதுவாகப் போகும் வண்டியில் ஆளுக்கொரு சன்னல் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் காட்சி கிடைக்கும். ஆனால் எங்கள் பெட்டியில் சன்னல் கிடைத்தவர்கள் கைபேசியையும் முழங்கையையும் தலையையும் வெளியே நீட்டிவிட்டதால், நடுவில் உட்கார்ந்தவர்களுக்கு அவர்களுடைய முதுகுகளே நீலகிரியாகிவிட்டன. பிரேக்ஸ்மேன் இரண்டு முறை, “தலையை உள்ள எடுங்க, பாறை இடிச்சிடும்” என்று கத்தினார். அவர் பார்வை திரும்பும்வரை தலைகள் உள்ளே இருந்தன.

சுரங்கப்பாதைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் பதினாறு சுரங்கங்கள் உண்டு. உள்ளே நுழைந்ததும் இருட்டு. இருட்டு வந்ததும் பெட்டி முழுக்க “ஓ” என்று கூச்சல். முதல் முறை எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு எதிரே அன்னூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம்; தாயின் மடியில் ஏழெட்டு மாதக் குழந்தை. முதல் சுரங்கத்தில் அது விழித்துத் திடுக்கிட்டது. இரண்டாவதில் வீறிட்டு அழுதது. மூன்றாவது வருவதற்கு முன்பே தாய் தன் முந்தானையால் அதன் காதுகளை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார். பக்கத்தில் ஒருவர் தன் மகனைத் தோளில் தட்டி, “கத்துடா, இன்னும் சத்தமா, எக்கோ வரும் பாரு” என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். பையனுக்குப் பத்து வயது இருக்கலாம்.

குழந்தையின் பாட்டி பையனைப் பார்த்து, “கண்ணு, பாப்பா பயந்துக்கறா பாரு சாமி, கொஞ்சம் மெதுவா” என்றார். பையன் குழந்தையைப் பார்த்தான். அடுத்த சுரங்கத்தில் அவன் வாயைத் திறக்கவில்லை. தன் கையிலிருந்த சிறு பொம்மைக் காரைக் குழந்தைக்கு ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அப்பா மட்டும் கத்தினார். பாட்டி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லலாமே என்று அக்கா மெல்லக் கேட்டதற்கு, “பெரியவங்ககிட்டச் சொன்னா சண்டைக்கு வருவாங்கம்மா” என்றார் பாட்டி. பையனுக்கு ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அந்த ஒரு வார்த்தையைக்கூட வாங்கிக்கொள்ள முடியாத வயதொன்று எப்போது நமக்கு வந்துவிடுகிறது என்றுதான் தெரியவில்லை. கூச்சலைப் பற்றி நான் ஒன்றிரண்டு பேரிடம் பேச்சுக் கொடுத்தபோது கிடைத்த பதிலும் பழக்கமானதுதான்: “டூர் வந்த இடத்துல ஜாலியா இருக்கக் கூடாதா சார்?” குழந்தைக்கும் அது டூர்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. இறங்கியவர்கள் டீ குடித்தார்கள், குரங்குகளுக்குச் சிப்ஸ் போட்டார்கள். உணவு கொடுக்காதீர்கள் என்ற பலகையின் மேலேயே ஒரு குரங்கு உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பற்களால் கிழித்துக்கொண்டிருந்தது. கொடுத்த கை கிடைக்காத இடத்தில் அது பறிக்கத்தான் செய்யும். அடுத்த வண்டியில் வரும் யாரோ ஒரு சிறுமியின் கைப்பைதான் இதற்கு விலை. குன்னூரிலிருந்து வண்டி டீசல் என்ஜினோடு கிளம்பியது. கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்த பிறகு அக்கா யாரோடும் பேசவில்லை; அவ்வளவு அழகு. அதைப் பற்றிப் பிறர் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: ஊட்டி

தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கே ஏறும் சாலையில் நின்ற கார்களின் ஹாரன் சத்தம் எத்தனை மீட்டர் கேட்டது என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. நெரிசலில் நிற்கும் வண்டி ஹாரன் அடித்தால் நகராது என்பதை ஒவ்வோர் ஓட்டுநரும் அறிவார். இருந்தும் அடித்தார்கள். இதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தாவரவியல் பூங்கா 1848இல் தொடங்கப்பட்டது, ஐம்பத்தைந்து ஏக்கர். மலர்க் கண்காட்சி முடிந்த வாரமாதலால் கூட்டம் குறையும் என்று நம்பிப் போனோம். நுழைவுச்சீட்டு வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் நின்றார். கவுன்ட்டரை நெருங்கியதும் அவரைச் சுற்றி ஒரு கல்யாண வீடே முளைத்தது. “எல்லாம் ஒரே ஃபேமிலிதாங்க” என்று அவர் சிரித்தார். பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. அக்கா மட்டும், “நாங்களும் ஒரே ஃபேமிலிதான், என்ன, நாங்க வரிசையிலேயே நின்னுட்டோம்” என்றார். அந்தக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் திரும்பி அக்காவைப் பார்த்த பார்வையில், முறைதவறி நுழைந்தது அக்காதானோ என்று எனக்கே ஒரு கணம் ஐயம் வந்தது.

பூங்காவின் உச்சியில், மரங்களுக்கு அப்பால், மஞ்சக்கல் மந்து இருக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் குடியிருப்பு அது. சுற்றுலாப் பயணிகள் இதைப் பூங்காவின் இன்னொரு பகுதி என்றே நினைத்து வருகிறார்கள். உண்மையில் அங்கே வீடுகள் இருக்கின்றன, துணி காய்கிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்த் திரும்புகிறார்கள். தோடர்களுடைய எருமைப் பாலைச் சார்ந்த வழிபாட்டிடம், பாதியாக அறுத்த பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது போன்ற கூரையும், ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறிய வாசலும் கொண்டது. சுற்றிலும் தாழ்வான கல்சுவர். வெளியாட்கள் அதற்குள் போகக் கூடாது. கோயிலுக்குள் செருப்போடு போவதை எந்த ஊரிலும் பொறுத்துக்கொள்ளாத நாம், பிறருடைய கோயிலின் சுவரில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். நாங்கள் போன நேரத்தில் மூன்று பேர் அப்படி ஏற முயன்றார்கள். ஒரு முதியவர் கையசைத்துத் தடுத்தார். “டிக்கெட் வாங்கிட்டுத்தானே உள்ளே வந்தோம்” என்றார் அவர்களில் ஒருவர். அவர் வாங்கிய சீட்டு பூக்களைப் பார்ப்பதற்கு. அதை விளக்க முதியவருக்குப் பொறுமை இருந்தது. கேட்க அவர்களுக்கு இல்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு பெண்மணி வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்துகொண்டிருந்தார். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு இது. துணியின் இழைகளைக் கண்ணாலேயே எண்ணி ஊசியைச் செலுத்துகிறார், வரைந்துகொள்வதில்லை. எண்ணிக்கை தவறினால் பிரிக்க வேண்டும். அப்போது ஓர் இளைஞர் கைபேசியை அவர் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் கொண்டுபோய், “இங்க பாருங்க, சிரிங்க” என்றார். பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இளைஞர் மறுபக்கம் சுற்றி வந்தார். அவர் துணியைத் தூக்கி முகத்தை மறைத்தார். அதையும் படம் எடுத்துக்கொண்டு இளைஞர் போய்விட்டார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சால்வை வாங்கிய பிறகு, “எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா நாங்க வேணாம்னா சொல்லப்போறோம்? சில நாள் சொல்வோம், சில நாள் சொல்ல மாட்டோம். அது எங்க இஷ்டம்தானே” என்றார். கேள்வியே கேட்காமல் போகிறவர்கள் தவிர்க்க நினைப்பது அந்தச் ‘சில நாளை’த்தான்.

நான்காம் நாள்: கல்லட்டி – மசினகுடி – முதுமலை

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு அரசுச் சிற்றுந்தில் இறங்கினோம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். குளிர் விலகி, புதர்க்காடும் வெயிலும் வந்துவிடுகின்றன. முதுமலை 1940இல் சரணாலயமாகவும், 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு. வண்டியை நிறுத்தாதே, இறங்காதே, ஹாரன் அடிக்காதே, உணவு கொடுக்காதே என்று வழியெங்கும் பலகைகள்.

மசினகுடியிலிருந்து தெப்பக்காடு போகும் வழியில் பேருந்து நின்றது. எங்களுக்கு முன்னால் ஆறேழு கார்கள். இடப்பக்கம், சாலையிலிருந்து முப்பது அடிகூட இருக்காது, மூங்கில் புதருக்கருகே குட்டியோடு இரண்டு பெண் யானைகள். கார்களிலிருந்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். ஒருவர் விசிலடித்தார். ஒருவர் கைக்குழந்தையைத் தூக்கிக்காட்டி, யானைக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னார். பெரிய யானை மேய்வதை நிறுத்தியது. காதுகளை விரித்து அசையாமல் நின்றது. காடு தெரிந்தவர்களுக்கு அது போதுமான எச்சரிக்கை. எங்கள் ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு, தலையை மட்டும் நீட்டி, “ஏனுங்க, வண்டில ஏறுங்க, குட்டி இருக்குது, துரத்துனா ஓட முடியாதுங்க” என்றார். பதிலுக்கு ஒருவர் உதட்டில் விரலை வைத்து அவரையே அமைதியாக இருக்கச் சொன்னார். விசிலடித்தவரை நோக்கி அந்த விரல் நீளவில்லை.

பிறகு வனத்துறை ஜீப் வந்தது. அது வளைவில் தெரிந்ததுமே எல்லாரும் காருக்குள் ஏறிவிட்டார்கள். ஜீப் எங்களை அடைந்தபோது அந்தச் சாலை ஒழுங்கின் இலக்கணமாக இருந்தது. விதியை அறியாதவர்கள் இவ்வளவு வேகமாக அதற்குக் கீழ்ப்படிய முடியாது. 2021 ஜனவரியில் இதே மசினகுடியில் ஒரு யானையின் மேல் எரியும் டயரை வீசியவர்களைப் பற்றி நாடே பேசியது. தீக்காயங்களோடு அந்த யானை இறந்துபோனது. அது குற்றம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். விசிலடித்தவர் தன்னை அந்த வரிசையில் வைத்துப் பார்க்க மாட்டார், வைக்கவும் கூடாது. ஆனால் மனிதர்களின் சீண்டலுக்குப் பழகி எரிச்சலடைந்த யானை அடுத்து எதிர்கொள்ளப் போவது மசினகுடியில் விறகெடுக்கப் போகும் பெண்ணைத்தான். விசிலடித்தவர் அதற்குள் தன் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

மாலையில் கடைவீதிக்குப் பின்னால் நடந்தபோது, ஒரு முதியவர் சாக்குப்பையில் காலி மதுப்புட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். காட்டில் வீசப்படும் புட்டிகள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதால், உயர் நீதிமன்றம் தலையிட்டதையடுத்து, 2022 முதல் நீலகிரியில் ஒரு புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிறார்கள். “முன்னயெல்லாம் நடக்கவே முடியாதுங்க, எங்க பாத்தாலும் சில்லு. இப்ப நாங்க விடறதில்ல” என்றார். வாங்கிக் குடித்தவர் பத்து ரூபாயை விட்டெறிகிறார், இவர் எடுத்துக்கொள்கிறார், யானையின் கால் தப்பிக்கிறது. யாரையும் திருத்த முயலாத திட்டம் என்பதாலேயே இது ஓரளவு நடக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஐந்தாம் நாள்: ஊட்டி – மேட்டுப்பாளையம் – கோவை

மசினகுடியிலிருந்து விடியற்காலை வண்டியில் ஊட்டிக்கு வந்து, கோவைப் பேருந்தைப் பிடித்தோம். குன்னூருக்குக் கீழே பதினான்கு வளைவுகளிலும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கல்லாறு சோதனைச் சாவடியில் மேலேறும் கார்கள் வரிசையாக நின்றன. 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம். பிளாஸ்டிக் சோதனையும் நடக்கிறது. கார்க்காரர்கள் தாமாகவே கதவைத் திறந்து, தண்ணீர்ப் புட்டிகளை எடுத்து நீட்டி, “தேங்க்யூ சார்” என்று சொல்லிப் போனார்கள். அவ்வளவு பணிவு.

காரமடையைத் தாண்டியபின் நடந்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்கு நெடுநேரம் மனத்தில் நின்றது. எங்களுக்கு இரண்டு இருக்கை முன்னால், சன்னலோரம் இருந்த ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். மலையில் சன்னலை மூடியிருந்ததால் அடக்கிவைத்திருந்தார் போலும். சமவெளி வந்ததும் கண்ணாடியைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்க்காமலே துப்பினார். பின்னால் வந்த இருசக்கர வாகனக்காரரின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து மார்புவரை சிவப்பு. அவர் பேருந்தைத் துரத்திவந்து, பெரியநாயக்கன்பாளையம் நிறுத்தத்தில் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு ஏறினார். முகத்தில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது. “அண்ணா, கம்பெனிக்கு இன்னிக்குத்தான் முதல் நாள் போறனுங்க” என்று நடத்துநரிடம் சொன்னார்.

நடத்துநர் சுற்றி வளைக்கவில்லை. “யாருங்க துப்புனது?” என்றார். பதில் இல்லை. வெற்றிலைக்காரரின் உதட்டைப் பார்த்துவிட்டு, “எந்திரிங்க” என்றார். அவர் எழுந்து, “தெரியாமப் பட்டுடுச்சு, காத்துல வந்துருச்சு” என்றார். நடத்துநர் தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கொடுத்து, “நீங்களே துடைச்சு விடுங்க” என்று நின்றார். பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் அபராதம் என்று 2020இல் கொரோனாக் காலத்தில் அரசு விதித்திருந்தது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தத் தொகையை யாராவது கட்டியதை நான் நேரில் பார்த்ததில்லை. இங்கே வசூலிக்கப்பட்டது வேறு வகை அபராதம். வெற்றிலைக்காரர் தன் துண்டை நனைத்து, முன்பின் தெரியாத இளைஞரின் தோளைக் குனிந்து துடைத்தார். கறை பரவியதே தவிரப் போகவில்லை. அக்கா தன் பையிலிருந்து என்னுடைய மடித்த சட்டை ஒன்றை எடுத்து, என்னைக் கேட்காமலே அந்த இளைஞரிடம் நீட்டினார். இளைஞர் தயங்கி, பிறகு வாங்கிக்கொண்டார்.

இதற்குள் பேருந்தில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. “அதான் துடைச்சாச்சே, விடுங்க தம்பி, வண்டியை எடுக்கட்டும்.” “ஒரு சட்டைக்காக அம்பது பேரு நிக்கணுமா?” “எனக்கு டிரெய்ன் இருக்குதுங்க.” எல்லாமே கறை பட்ட இளைஞரை நோக்கிச் சொல்லப்பட்டவை. அவர் எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கிப்போனார். நடத்துநர் இரட்டை விசில் கொடுத்தார். பேருந்து கிளம்பியதும், வெற்றிலைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இந்த ஆளால் கால்மணி நேரம் போய்விட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைப்பட்டுக்கொண்டார்; பக்கத்தில் இருந்தவர், ஆமாம், இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமையே இல்லை என்றார்.